சிறு லாரிக்குரிய பற்சக்கர விகிதம்

மேச்சேரியிலிருந்து மேட்டூருக்குச் செல்லும் சாலையின் ஓரத்தில் மாலை வேளையிற் சிறிது நேரம் நின்றவர் எவரும், பாரமேற்றிய லாரி யொன்று மேட்டை அணுகுங்கால் அதன் குரல் மாறுதலைக் கேட்டிருப்பர். முதலில் எஞ்சின் முனகும். வண்டியின் ஓட்டம் தளரும். பின்னர் ஓட்டுநர் கியரை ஒருபடி இறக்குவார். உடனே எஞ்சின் உரக்கப் பாடத் தொடங்கும். வண்டியும் மெல்லெனினும் உறுதியாக மேடேறிவிடும். வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்கும் இவ் வியாபாரம் நாடோறும் நம் கண்முன் நடப்பதாயினும், இதன் கணக்கை நின்று பார்ப்பவர் சிலரே. யாமும் அவ்வாறு பாராதவராகவே பன்னாள் இருந்தோம். ஒரு விளையாட்டு லாரியே எமக்கு அக்கணக்கைக் கற்பித்தது. அதற்கு யாம் செலுத்திய கட்டணமும் சிறிதன்று.

யாமிருவரும் மேச்சேரியினர், ஒருவர் இக்கல்லூரியிற் பௌதிகம் பயில்பவர், மற்றவர் இங்குப் பயின்று முன்னரே வெளியேறியவர். எம் ஊர்ப் பெயர் தாங்கிய செம்மறியினத்தை அறியாதார் இம்மாவட்டத்தில் இரார். எம்முள் இளையவர் ஈராண்டு வளர்த்த கிடாக்களுள் ஒன்றைச் சந்தையில் விற்ற பணத்தைக்கொண்டு, பிறர் ஓட்டிக் கைவிட்ட நைட்ரோ லாரி யொன்றைச் சென்னையிலிருந்து வருவித்தோம். இத்தகைய லாரி அரை மீட்டர்க்குச் சற்றுக் குறைய நீளமும் நான்கைந்து கிலோ எடையும் உடையது. உள்ளே ஆளின்றி, தொலைவில் நிற்பவன் கையிலுள்ள கருவியினின்று வரும் வானொலி அலையால் ஏவப்பட்டு ஓடுவது. மின்கலத்தால் ஓடும் பொம்மைகளைக் கண்டு பழகியவர் இதனையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. இதனுள் இருப்பது மெய்யான எஞ்சின். பிஸ்டன் உண்டு, கார்புரேட்டர் உண்டு, புகையுண்டு, சூடுண்டு. தவறிழைத்தால் உடைவதும் உண்டு.

அவ் வெஞ்சினைப் பற்றிச் சில சொற்கள் முதலிற் கூறல் வேண்டும். அஃது இருவீச்சு எஞ்சின். அதன் உருளையின் கொள்ளளவு பெரும்பாலும் 2.5 முதல் 3.5 கன சென்டிமீட்டர் வரை, அதாவது ஒரு தேக்கரண்டியளவும் இராது. எரிபொருள் மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்ததொரு கலவை; நைட்ரோ வென்னும் பெயர் வந்தது இதனாலேயே. மெத்தனால் கண்ணைக் கெடுத்து உயிரையும் போக்கவல்ல நஞ்சாதலின், கையாளுவோர் எச்சரிக்கையா யிருத்தல் இன்றியமையாதது. பெட்ரோல் எஞ்சினிற் போலத் தீப்பொறி தருங் கருவி இதில் இல்லை. பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச் சுருளொன்று முதலில் மின்கலத்தாற் பழுக்கக் காய்ச்சப்பெற்று, பின்னர் எஞ்சின் தரும் சூட்டினாலும் மெத்தனாலோடு பிளாட்டினம் கூடுதலால் விளையும் வெம்மையினாலும் தானே கனன்றுகொண்டிருக்கும். குளோ பிளக் என வழங்கும் இதனை அமெரிக்கரான ரே ஆர்டன் என்பார் 1947-ல் விற்பனைக்குக் கொணர்ந்தபின்னரே சிற்றெஞ்சின்கள் எளியவர் கைக்கும் எட்டின.

நம் விஷயத்துக்கு வேண்டிய உண்மை ஒன்றுண்டு. இச் சிற்றெஞ்சினின் வலிமை அதன் பருமையில் இல்லை, சுழற்சியில் உளது. லாரியின் பெரிய டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு ஈராயிரஞ் சுற்றுக்குள்ளேயே தன் பாரத்தை இழுத்துவிடும். இஃதோ நிமிஷத்துக்கு 30,000 சுற்றை அணுகினாலன்றித் தன் முழு ஆற்றலைக் காட்டாது. அவ்வளவு விரைந்து சுழலும் தண்டினைச் சக்கரத்தோடு நேரே பிணைத்தால் வண்டி நின்ற இடம்விட்டுப் பெயராது. ஆகவே இடையிற் பற்சக்கரங்கள் புகுந்து, சுழற்சியைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குகின்றன.

இதனை நம் சைக்கிளிலிருந்து அறிதல் எளிது. மிதிகட்டையோடு கூடிய பெரிய சக்கரத்துக்கு 44 பல்லும், பின்னுள்ள சிறிய சக்கரத்துக்கு 18 பல்லும் இருக்குமாயின், ஒருமுறை மிதிப்பதற்குப் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். அங்கே மெதுவாய் மிதிக்குங் காலுக்கு வேகம் வேண்டியிருத்தலின் பெரியது சிறியதை ஓட்டுகின்றது. நைட்ரோ லாரியிலோ முறை தலைகீழ். சிறியது பெரியதை ஓட்டுதல் வேண்டும். எஞ்சினின் தண்டு முனையில் கிளட்ச் உண்டு. சுழற்சி மிகுங்கால் அதன் கட்டைகள் வில்லின் இழுப்பை மீறி வெளியே விரிந்து, மணி வடிவான கிண்ணமொன்றின் உட்புறத்தைப் பற்றிக்கொள்ளும். கிளட்ச் பெல் எனப்படும் அக்கிண்ணத்தின் கழுத்திற் சிறிய பற்சக்கரம் உளது. அதனோடு கடித்துச் சுழலும் பெரிய பற்சக்கரத்துக்கு ஸ்பர் என்று பெயர். அதன்பின் கியர்ப் பெட்டியும், லாரிக்காரர் கிரவுன் பினியன் என்றழைக்கும் அச்சுப் பற்சக்கரங்களும் உள. பின்னவை பெட்டிக்குள் அடைபட்டவை. அவற்றை மாற்றுவார் அரியர். பெல்லும் ஸ்பரும் வெளியே இருப்பவை. சிறு விலைக்குக் கிடைப்பவை. நாம் தேர்ந்துகொள்ளுதற்கென்றே விடப்பட்டவை.

எம் லாரியில் பெல்லுக்கு 16 பல்லும் ஸ்பருக்கு 48 பல்லும் இருந்தன. 48-ஐ 16-ஆல் வகுக்க 3. உள்ளே யிருக்கும் பற்சக்கரங்களெல்லாம் சேர்ந்து மேலும் 5 மடங்கு குறைப்பனவாகக் கொண்டால், மொத்த விகிதம் 15. எஞ்சின் 30,000 சுற்றுச் சுற்றுங்கால் சக்கரம் 2,000 சுற்றுச் சுற்றும். டயரின் விட்டம் 15 சென்டிமீட்டர். ஆகவே சுற்றளவு 47 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நிமிஷத்துக்கு 942 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 56 கிலோமீட்டர். இவ்வளவும் காகிதத்தில் வரும் வேகம் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. யாம் கொள்ளாது விட்டோம்.

யாம் ஓட்டிய இடம் ஊர்ப்புறத்தே வறண்டு கிடந்த ஏரி. பங்குனி மாதம், மேலே பொடிமண், அதன் கீழே வெடித்த களி, கரையோரம் சரளை. கயிற்றினால் 100 மீட்டர் அளந்து, நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு அத்தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் குறித்தோம். பத்து விநாடி ஆயிற்று. இதனினும் விரைவு வேண்டுமென்னும் ஆசை எம்மைப் பற்றிற்று. பெல்லின் பற்களைக் கூட்டினால் விகிதம் குறையும், விகிதம் குறைந்தால் வேகம் மிகும் என்னும் பள்ளிக் கணக்கை நம்பி, 19 பல்லுள்ள பெல்லொன்றை வாங்கி மாட்டினோம். மொத்த விகிதம் 12.63 ஆயிற்று, காகிதத்தில் வேகம் மணிக்கு 67 கிலோமீட்டராக உயர்ந்தது. ஏரியிலோ 100 மீட்டருக்குப் பதினொரு விநாடிக்கு மேலாயிற்று.

எம் பிழையிற் பெரியது இதன்பின் நிகழ்ந்ததே. வண்டி தளர்ந்தோடுதலையும் எஞ்சின் முனகுதலையும் கண்ட யாம், பற்சக்கரத்தைக் குறைகூறாது கார்புரேட்டரைக் குறைகூறினோம். எரிபொருள் மிகுதியாகச் செல்வதனாலேயே எஞ்சின் திணறுகின்றது என்று துணிந்து, ஊசித் திருகைக் கொஞ்சங் கொஞ்சமாக அடைத்தோம். அடைக்க அடைக்க ஓசை கூர்மையாயிற்று. அதனைக் குணம் என்றே மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் ஏரியின் நடுவே வண்டி ஒரு கீச்சொலியோடு நின்றது. எஞ்சின் ஆறியபின் கையாற் சுழற்றிப் பார்த்தபொழுது, நல்ல எஞ்சினில் பிஸ்டன் மேலேறும் முனையில் உணரப்படும் இறுக்கம் சிறிதும் இல்லை. பிஸ்டனும் அதனைச் சூழ்ந்த உருளையும் கீறுண்டு பாழாயின. கிளட்ச்சின் கட்டைகளோ கருகிப் பளபளத்தன. கிடாவின் விலையில் பாதி அன்றே புகையாய்ப் போயிற்று.

எஞ்சினை யவிழ்த்து வாசலிற் பரப்பி வைத்திருந்தபொழுது, முப்பதாண்டு லாரி ஓட்டி ஓய்ந்த எம் பெரியப்பா அவ்வழியே வந்தார். நடந்ததனைத்தையுங் கேட்டார். பற்களின் கணக்கையும் கேட்டார். பின்னர், "ஏன் கண்ணு, கொல்லிமலைக்கு டாப் கியர்லயே ஏறுவியா?" என்று வினவிவிட்டுப் போய்விட்டார். எழுபது கொண்டையூசி வளைவுகளையுடைய அச் சாலையைக் கண்டவர்க்கு அவ்வினாவின் விடை விளங்கும். எமக்கு அதன் பொருள் முழுதும் விளங்க இரண்டு நாட்கள் பிடித்தன. அவ் விரண்டு நாளில் யாம் தெளிந்தவற்றையே இனிக் கூறுவோம்.

பெல்லை 16-லிருந்து 19 ஆக்கியபொழுது சக்கரத்துக்குச் செல்லும் முறுக்குவிசை நூற்றுக்குப் பதினாறு பங்கு குறைந்தது. ஆனால் ஏரி மண் தன் பிடியைச் சிறிதும் குறைக்கவில்லை. பொடிமண்ணில் டயர் அமிழ்தலால் விளையும் தடை, தார்ச்சாலையில் உள்ளதைப்போலப் பன்மடங்கு. காற்றின் தடையோ வேறு வகை. அதனை வெல்ல வேண்டிய ஆற்றல் வேகத்தின் முப்படியாக ஏறும். வேகம் 56-லிருந்து 67 ஆக வேண்டுமானால், காற்றுக்கென மட்டும் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆதல் வேண்டும். எஞ்சினோ அதே எஞ்சின். ஆதலின் அஃது 30,000 சுற்றை எட்டவே யில்லை. இடையில் எங்கோ இருபதாயிரத்தைச் சுற்றித் திணறிக்கொண்டிருந்தது. தன் வலிமை இராத சுழற்சியில் நிறுத்தப்பட்ட எஞ்சினிடம் யாம் மிகுந்த வலிமையைக் கேட்டோம்.

அன்றியும், ஒவ்வொரு முறை புறப்படும்போதும் கிளட்ச் முழுதும் பற்றிக்கொள்ளு முன் வழுக்குதல் இயல்பு. விகிதம் தக்கதாயின் அவ்வழுக்கல் ஒரு கணத்தில் முடியும். தகாததாயின் நீளும், நீண்ட அவ்வழுக்கலே கட்டைகளைக் கருக்கிற்று. அச்சூடு பெல்லின் உட்புறத்துப் பேரிங்குகளையும் தாக்கும். எஞ்சினின் தலையிலுள்ள தகடுகளுக்குக் காற்றோட்டமொன்றே குளிர்ச்சி தருவதாகலின், பாரத்தோடு மெல்ல ஓடும் வண்டிக்குச் சூடு மிகுதி, குளிர்ச்சி குறைவு. இந்நிலையில் யாம் ஊசியை அடைத்தோம். இருவீச்சு எஞ்சினுக்கு எண்ணெய் வருவது எரிபொருளோடு கலந்தே. எரிபொருளைக் குறைத்தவன் எண்ணெயையும் குறைத்தவனாகின்றான். பசித்தவனுக்கு நீரையும் மறுத்ததுபோல் ஆயிற்று எம் செயல். நைட்ரோ வண்டி ஓட்டுவோரிற் பலர் பற்சக்கரத்தின் நோய்க்குக் கார்புரேட்டரில் மருந்திடுகின்றனர் என்பதை யாம் பின்னர்ப் பலரோடு பேசியறிந்தோம். நோய் எதனது என்று தெரிதற்கு ஒரு வழியுண்டு. சக்கரங்கள் நிலந்தொடாதபடி வண்டியைத் தூக்கிவைத்து எஞ்சினை மெல்ல விரைவுபடுத்தும்போது அது தடையின்றி ஏறுமாயின், மண்ணில் மட்டும் முனகுமாயின், குற்றம் பெரும்பாலும் விகிதத்தினது. பாரமில்லாதபோதும் திணறுமாயின் கலவையை ஆராய்க. பாரமற்ற எஞ்சினை நெடுநேரம் விரைந்து சுழலவிடுதல் மட்டும் ஆகாது.

சூட்டை அளத்தற்கு, தொடாமலே அளக்கும் வெப்பமானி இப்பொழுது எளிதிற் கிடைக்கின்றது. எஞ்சின் தலையிற் குளோ பிளக்கை யடுத்து அளந்தால் ஏறக்குறைய 100 முதல் 130 பாகை சென்டிகிரேடு வரை இருத்தல் நன்று. அக்கருவி இல்லாதார் ஒரு துளி நீரைத் தலையில் இடுவர். மூன்று நான்கு விநாடி கொதித்து ஆவியாயின் குற்றமில்லை, பட்டவுடன் சீறி மறையின் வண்டியை உடனே நிறுத்துதல் வேண்டும். சேலத்துக் கோடையில் வெளிக்காற்றே நாற்பது பாகையை நெருங்குதலால், மார்கழியிற் பொறுத்த விகிதத்தைச் சித்திரையில் எஞ்சின் பொறாது போதலும் உண்டு.

புதிய எஞ்சினுக்கு யாம் தேர்ந்தது 14 பல்லுள்ள பெல். (இரண்டாம் கிடாவும் சந்தைக்குப் போயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?) 48-க்கு 14 ஆகும்போது மொத்த விகிதம் 17.14, காகித வேகம் மணிக்கு 49 கிலோமீட்டர்தான். முறுக்குவிசையோ பழைய 16-ஐவிட ஏழிலொரு பங்கு மிகுதி. 19-ஐவிட மூன்றிலொரு பங்குக்கும் மிகுதி. அதே ஏரியில், அதே கயிற்றளவில், ஒன்பது விநாடிக்குச் சற்று மேற்பட்டது. காகிதத்தில் மூன்றினும் மெதுவானது மண்ணில் மூன்றினும் விரைந்தது.

இங்கே கணக்கிலே விருப்பமுடைய மாணவருக்காகச் சில நுட்பங்கள். விகிதம் மூன்றை யொட்டியிருக்கும்போது, பெல்லில் ஒரு பல் கூட்டுதலும் ஸ்பரில் மூன்று பல் குறைத்தலும் ஏறக்குறைய ஒன்றே. 48-க்கு 17 என்பது 2.82, 45-க்கு 16 என்பது 2.81. ஆகவே பெரிய மாறுதல் வேண்டின் பெல்லையும், சிறிய திருத்தம் வேண்டின் ஸ்பரையும் மாற்றுக. டயரை மறந்துவிடுதலும் கூடாது. பதினைந்து சென்டிமீட்டர் டயரைக் கழற்றிப் பதினாறரை சென்டிமீட்டர் டயரை மாட்டுவோன், ஒரு பல்லையும் தொடாமலே விகிதத்தைப் பத்திலொரு பங்கு மாற்றிவிட்டான். பார்வைக்கு அழகென்று பெருஞ் சக்கரம் மாட்டி எஞ்சினைக் கொன்றவர் எம் வட்டத்தில் இருவர் உளர், பெயர் கூறோம்.

இன்னொன்று, எமக்கு மிகவும் இனித்தது. 16 பல்லும் 48 பல்லும் கூடினால், பெல்லின் ஒவ்வொரு பல்லும் ஸ்பரின் அதே மூன்று பற்களையே எப்பொழுதும் சந்திக்கும். ஒரு பல்லிற் குறையிருப்பின் அது மீண்டும் மீண்டும் அம் மூன்றையே அரிக்கும். ஸ்பருக்கு 47 பல் இருக்குமாயின், 47-க்கும் 16-க்கும் பொது வகுத்தி இன்மையால், ஒவ்வொரு பல்லும் முறையே எல்லாப் பற்களையும் சந்தித்துத் தேய்வைச் சமமாகப் பங்கிடும். பள்ளியில் எதற்கு என்று தெரியாமற் கற்ற மீப்பெரு பொது வகுத்தி, ஏரிக்கரையிற் பயன்பட்டது. இப்பொழுது எம் வண்டியில் இருப்பது 47-க்கு 14. மொத்த விகிதம் 16.8, வேகம் 50 கிலோமீட்டர்.

பற்சக்கரம் வாங்குங்கால் பல்லின் எண்ணிக்கையோடு பல்லின் பருமையையும் கேட்டல் வேண்டும். மாட்யூல் என்னும் அளவு, சக்கரத்தின் விட்டத்தை மில்லிமீட்டரிற் கொண்டு பல்லின் தொகையால் வகுக்க வருவது. மாட்யூல் 1 உடைய ஸ்பரோடு வேறு அளவுள்ள பெல் கூடாது. கூட்டினால் ஒரு நாளில் இரண்டும் மாவாகும். மாட்யூல் 1-ல் 16-ம் 48-ம் கூடின் இரு தண்டுகளின் இடைவெளி 32 மில்லிமீட்டர். 19-ம் 48-ம் கூடின் 33.5. ஆகவே பெல்லை மாற்றும்போதெல்லாம் எஞ்சினை அதன் தளத்தில் நகர்த்திப் பொருத்தல் வேண்டும். மிக நெருங்கினால் பற்கள் ஒன்றையொன்று நெரித்துப் பேரிங்கை வருத்தும். மிக விலகினால் நுனியோடு நுனி மோதி முறியும். நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து இரு பற்சக்கரங்களுக்கிடையே செருகி, எஞ்சினை அதனோடு அழுத்தித் திருகாணிகளை முடுக்கி, பின்னர்த் தாளை உருட்டி எடுத்துவிட்டால் எஞ்சும் இடைவெளி சரியாயிருக்கும். ஸ்பரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் இறுக்கமில்லை என்று பார்த்தலும் நன்று.

இரண்டு கியர் உடைய லாரிகளில், வேகம் மிகுங்கால் தானே இரண்டாவதற்கு மாறும்படி ஒரு சிறு திருகு அமைத்திருப்பர். அது மிக முன்னர் மாறினால் எஞ்சின் மீண்டும் முனகும். மிகப் பின்னர் மாறினால் வீணே கதறும். அதனைத் தொடுமுன் பெல்லையும் ஸ்பரையும் முடிவு செய்துகொள்ளல் வேண்டும் என்பதே யாம் சொல்லத்தக்கது.

இதுகாறும் கூறியதைக்கொண்டு, விகிதம் எவ்வளவு மிகுமோ அவ்வளவு நன்று என்று யாரேனும் எண்ணுவாராயின் அதுவும் பிழை. 12 பல் வரை இறங்கிப் பார்த்தோம். வண்டி புறப்பட்டவுடனே எஞ்சின் தன் உச்சிச் சுழற்சியை எட்டி, மேற்கொண்டு செல்ல வழியின்றி அலறிற்று. கரைமேட்டில் தாவிச் சக்கரங்கள் நிலம்விட்ட பொழுது அவ்வலறல் கேட்கப் பொறுக்கவில்லை. அளவுமீறிய சுழற்சியில் முறிவது பிஸ்டனைத் தண்டோடு பிணைக்கும் இணைப்புக் கோல்; அது முறிந்தால் எஞ்சினின் உட்புறம் முழுதும் அழியும். நேரான நீண்ட ஓட்டத்தின் முடிவில் எஞ்சின் தன் உச்சியை மட்டுமட்டாக எட்டுமாறு அமைவதே தக்க விகிதம். அவ்வோட்டம் எவ்வளவு நீளம், எத்தகைய மண் என்பவற்றைச் சென்னையிலிருந்து பெட்டியிலிட்டு அனுப்பியவர் அறியமாட்டார். ஏரிக்கு 14, லாரி நிறுத்துமிடத்தின் கெட்டிச் சரளைக்கு 16, 19 பல்லுள்ள பெல்லைப் பெரியப்பா தம் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார்.